மணல் மறைத்த வெள்ளம்

பாலாறு! பெயரிலே பால் இருக்கிறது. படுகையிலே மணல் இருக்கிறது. செங்கற்பட்டுக்குத் தெற்கே, மாமண்டூரை நோக்கிச் செல்லும் பாலத்தின்மீது விரைவோர் எட்டிப் பார்த்தால், ஆண்டின் பெரும்பகுதியில் அவர்தம் கண்ணுக்குத் தெரிவது நீரல்ல. மணற்பரப்பும், முட்புதரும், ஆங்காங்கே தேங்கிய குட்டையுமே. "இந்த ஆற்றுக்கா இத்துணை நீளப் பாலம்?" என்று கேட்போரும் உளர். கேட்கட்டும். பாலம் கட்டியவன் மணலைக் கண்டு அளவெடுத்தானில்லை. வெள்ளத்தைக் கண்டு அளவெடுத்தான்.

கருநாடகத்து நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தை ஒரு சிறு தொலைவு தொட்டு, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் நடந்து, பொன்னையாற்றையும் செய்யாற்றையும் வேகவதியையும் வழியிலே சேர்த்துக்கொண்டு, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரில் கடலைச் சேரும் ஆறு இது. இதன் நீருக்காக மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் 1892இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தைப் பற்றி நாம் மேடைதோறும் பேசியிருக்கிறோம். மேலே தடுப்பணை எழும்பும்போதெல்லாம் வழக்காடுகிறோம். வழக்காடத்தான் வேண்டும். ஆனால், வராத நீரைப் பற்றியே பேசிப் பேசி, வந்த நீரை நாம் மறந்தே போனோம்.

வந்ததா? வந்தது. 1903ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள். மேலே மைசூர்ச் சீமையிலே ஏரிகள் அடுத்தடுத்து உடைய, அந்நீரனைத்தும் ஒரே வழியில் திரண்டு வாணியம்பாடிமீது பாய்ந்தது. ஏறத்தாழ 200 பேர் மாண்டனர். ஊரின் தாழ்ந்த பகுதி அழிந்தது. அந்நாளை நினைவூட்டும் தூணொன்று இன்றும் அவ்வூரில் நிற்கிறது. அதன்பின் 118 ஆண்டுகள் கழிந்து, 2021 நவம்பர் 19ஆம் நாள், வாலாசாவுக்கு அருகே 1858இல் கட்டப்பட்ட பாலாற்று அணைக்கட்டை விநாடிக்கு 1 இலட்சம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் கடந்து சென்றது. 1903க்குப் பின் இப்படியொரு பெருக்கைக் கண்டதில்லை என்றனர். இரண்டுக்கும் நடுவே நான்கு தலைமுறை. தாத்தா கண்டதைப் பேரன் காணவில்லை. பேரன் மகனுக்குச் சொல்ல எதுவுமில்லை. மகனுடைய பேரன் ஆற்றோரத்து மனையை விலை பேசினான்.

இங்கேதான் வரலாறு நமக்கு வேலை தருகிறது. அரசனின் போரும் அரசியின் அந்தப்புரமும் மட்டுமே வரலாறு என்று படித்து வந்த நமக்கு, ஆற்றுக்கும் வரலாறு உண்டு என்பது புதிதாகத் தோன்றலாம். பொறியாளருக்கு அது புதிதன்று. கரையை எவ்வளவு உயர்த்துவது, மதகை எவ்வளவு அகலமாக வைப்பது, வீடுகளை ஆற்றிலிருந்து எத்துணைத் தொலைவில் நிறுத்துவது என்பதற்கெல்லாம் அவர்கள் ஓர் எண்ணைத் தேடுகின்றனர். 'நூறாண்டு வெள்ளம்' என்று அதனைக் கூறுவர். நூறாண்டுக்கு ஒருமுறை தவறாமல் வந்து வணக்கம் சொல்லிப் போகும் விருந்தாளி என்று சிலர் இதற்குப் பொருள் கொள்கின்றனர். அன்று, எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். கணக்கிட்டுப் பாருங்கள்: 30 ஆண்டுகள் ஒரு வீட்டில் குடியிருப்பவன் அதனைச் சந்திக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 26. சூதாடி கூட இந்த வாய்ப்பைச் சிறிதென்று தள்ளமாட்டான்!

சரி, அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது? ஆற்றில் அளவுகோல் நட்டு நாள்தோறும் குறித்து வைத்த கணக்கு பெரும்பாலான இடங்களில் சில பத்தாண்டுகளுக்கு மேல் இல்லை. நாற்பது ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு நூறாண்டு, இருநூறாண்டு வெள்ளத்தைச் சொல்லப் புகுவது, ஒரு வீட்டுக் குழந்தைகளை மட்டும் பார்த்துவிட்டு ஊரிலேயே உயரமானவன் யார் என்று தீர்ப்பளிப்பதை ஒக்கும். 1903க்கும் 2021க்கும் இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் பாலாறு சாதுவான ஆறாகவே தோன்றும். இரு முனைகளையும் சேர்த்தால்தான் அதன் உண்மை உருவம் தெரியும்.

ஆதலின் பின்னோக்கிச் செல்லவேண்டும். சீனத்தார் சென்றனர். யாங்சி ஆற்றின் கரைப் பாறைகளில் 1870ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் எட்டிய மட்டத்தை மக்கள் கல்லிலே வெட்டி வைத்திருந்தனர். 1153ஆம் ஆண்டு வெள்ளத்துக்கும் கல்வெட்டு உண்டு. அக்குறிகளை ஒவ்வொன்றாக அளந்து, அந்த 1870ஆம் ஆண்டில் யீசாங் நகரருகே விநாடிக்கு 1,05,000 கன மீட்டர் நீர் பாய்ந்திருக்கவேண்டும் என்று கணித்தனர்; மூன்று பள்ளத்தாக்கு அணையின் அமைப்புக்கு அக்கணிப்பு பயன்பட்டது. அணை எழுவதற்கு நூறாண்டுக்கு முன்பே, பெயர் தெரியாத ஒரு கல்தச்சன் அதற்கு அளவு கொடுத்துவிட்டான். நம் நாட்டிலும் இத்தகைய செயல் நடக்காமலில்லை. காவிரியில் 1924 சூலையில் வந்த பெருவெள்ளத்தைக் கண்ட பிறகே, 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணைக்கு, விநாடிக்கு 4 இலட்சத்து 50 ஆயிரம் கன அடிக்கும் மேற்பட்ட நீரை வெளியேற்றும் வழி அமைக்கப்பட்டது.

குறியிலிருந்து கணக்கு எப்படி வருகிறது? மந்திரம் ஏதுமில்லை. நீர் எட்டிய மட்டம் தெரிந்தால், அவ்விடத்தில் ஆற்றின் குறுக்குவெட்டுப் பரப்பை அளக்கலாம். மேலும் கீழுமாக இரண்டு மூன்று குறிகள் கிடைத்தால் நீர்மட்டத்தின் சரிவு கிடைக்கும். படுகை மணலா, பாறையா, புதரா என்பதைப் பார்த்து அதன் சொரசொரப்புக்கு ஒரு மதிப்பு வைக்கலாம். இம்மூன்றையும் இணைத்து நீரின் வேகத்தைச் சொல்லும் வாய்பாடு ஒன்றை அயர்லாந்துப் பொறியாளர் இராபர்ட் மானிங் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே தந்துபோனார். கல்லில் வெட்டிய குறி இல்லாத இடத்தில் மண்ணே குறியாகும். பெருவெள்ளம் பாறை இடுக்குகளிலும், கிளையோடைகளின் வாயிலும் வேகம் தணிந்து வண்டலை விட்டுச் செல்லும். படிவின்மேல் படிவாக அடுக்கப்பட்ட அந்த வண்டல் ஏட்டைப் புரட்டி, ஒவ்வொன்றின் வயதையும் கரிமக் கணக்காலும் ஒளிர்வு முறையாலும் கண்டுபிடிக்கின்றனர். நருமதை முதலிய ஆறுகளின் பாறைப் பள்ளத்தாக்குகளில் விசுவாசு காலே என்னும் புவியியல் பேராசிரியரும் அவருடன் உழைத்தோரும் இப்படிப் பல நூற்றாண்டு வெள்ளங்களைப் படித்தறிந்தனர்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். இங்கே என்ன ஏடு இருக்கிறது? கல் இருக்கிறது, தோழர்களே, கணக்கற்ற கல்! பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில், ஆற்றங்கரையிலேயே ஒரு பெருமாள் கோயில் நிற்கிறது. அதன் சுவரில் வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையையும், மருத்துவரையும், அறுவை செய்வோரையும், மருந்துகளின் பெயர்களையும் அது பட்டியலிடுகிறது. அதனைப் பெருமையோடு நாம் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறோம். ஆனால் அக்கோயில் சொல்லும் மற்றொரு செய்தியை நாம் கேட்டதில்லை. மூன்று ஆறுகள் கூடும் இடத்தில், கரைமேல், 900 ஆண்டுகளுக்கு மேலாக அக்கட்டடம் நிற்கிறது என்பதே அச்செய்தி. நீர் உள்ளே புகுந்திருக்கலாம்; படியைத் தொட்டிருக்கலாம். ஆயினும் அடித்தளத்தைப் பெயர்த்தெறியும் அளவுக்கு உயர்ந்த, விரைந்த வெள்ளம் அத்தனை நூற்றாண்டுகளில் வரவில்லை. வெள்ளத்தை ஆராய்வோருக்கு, வந்தது எவ்வளவு என்பதைப் போலவே, இதற்குமேல் வரவில்லை என்பதும் பொன்னான சான்று. கோயிலின் அடித்தள உயரத்தை ஆற்றுப் படுகையோடு ஒப்பிட்டு அளப்பதற்கு ஒரு முற்பகல் போதும். இதேபோல வாயலூரில், பாலாறு கடலை அணுகுமிடத்தில், பல்லவன் இராசசிம்மன் தன் முன்னோர் வரிசையைப் பொறித்த தூணிருக்கிறது. ஆறும் கடலும் சேர்ந்து மிரட்டும் முனையில் நிற்கும் அந்தத் தூணைக் குலமுறை அறிவதற்கு மட்டுமே நாம் படித்தோம்.

உத்திரமேரூரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் படிப்போர் நம்மை விடமாட்டார்கள். முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்னும் குழு காணப்படுகிறது. ஏரியைக் காப்பதற்கென்றே ஆண்டுதோறும் ஆட்களைக் குடவோலையால் தேர்ந்த ஊர் அது. உடைப்பும் வெள்ளமும் எப்போதோ வரும் விருந்தல்ல, ஆண்டுதோறும் எதிர்பார்க்கவேண்டியவை என்று அறிந்திராத ஊர் இப்படிக் குழு வைக்குமா?

ஆனால் நாம் இன்னும் சிறிது நேரம் நிற்கவேண்டிய இடம் மதுராந்தகம்.

அவ்வூர் ஏரியின் அருகே ஏரிகாத்த இராமர் கோயில் உண்டு. கும்பினியாரின் சாகீராக இருந்த செங்கற்பட்டுப் பகுதிக்கு 1790களின் பிற்பகுதியில் கலெக்டராக இருந்தவர் இலயனல் பிளேசு. ஏரி ஆண்டுதோறும் உடைந்தது; 1798இல் பெருமழை; கரை உடையும் என்று அஞ்சிய கலெக்டர் இரவிலே ஏரிக்கரைக்குச் சென்றார்; அங்கே வில்லேந்திய இருவர் காவல் நிற்கக் கண்டார்; ஏரி உடையவில்லை; தாம் வாக்களித்தபடியே தாயார் சன்னதியைக் கட்டிக்கொடுத்தார். இது தலவழக்கு. அத்திருப்பணி அவருடையது என்று சொல்லும் கல்லெழுத்தும் கோயிலில் உண்டு.

வில்லேந்தியோரைப் பற்றிப் பக்தர்களோடு நாம் இங்கே வழக்காடப் போவதில்லை. அந்தக் கதையைத் தூக்கி எறிந்துவிட்டுப் போவதும் பகுத்தறிவாகாது. கதையின் உமியை ஊதிவிட்டு அரிசியைப் பாருங்கள். 1798க்கு முன்னே சில ஆண்டுகள் கரை தொடர்ந்து உடைந்தது என்கிறது கதை. அவ்வாண்டில் நீர் கரையின் விளிம்பை எட்டியது என்கிறது. எட்டியும் வழியவில்லை என்கிறது. ஓர் ஆண்டு, ஓர் இடம், ஒரு மட்டம்! வெள்ள ஆராய்ச்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதே கலெக்டர் தம் பகுதியின் ஏரிகளைச் செப்பனிடுவதில் ஊக்கம் காட்டியவர் என்பதும், 1799இல் சாகீரைப் பற்றி நீண்ட அறிக்கை எழுதியவர் என்பதும், வேடந்தாங்கல் பறவைகளைச் சுடாதிருக்க 1798இல் ஊராருக்குக் காப்பாணை தந்தவர் என்பதும் ஏட்டிலே இருக்கின்றன. ஏரியைக் காத்தவர் யார் என்ற கேள்விக்குக் கரையிலே மண் சுமந்த கூலியாள்களின் பெயர்ப் பட்டியலைத் தேடுவதே நம் வழி. அந்தப் பெயர்களைக் கல்லில் எவரும் வெட்டவில்லை.

ஏரி உடைப்பைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. நம் மாவட்டத்து வெள்ளம் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. ஓர் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் அடுத்த ஏரிக்கு, அதன் மிகுதி அதற்கடுத்த ஏரிக்கு என்று சங்கிலியாகப் பின்னப்பட்ட நாடு இது. மதுராந்தகத்து மிகுதி நீர் கிளியாற்றின் வழியே பாலாற்றைச் சேரும். செங்கற்பட்டுக் கொளவாய் ஏரியின் மிகுதியும் மடுவொன்றின் வழியே அதே பாலாற்றையே சேரும். சங்கிலி ஒழுங்காக இருக்கும்வரை அது வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தும் கேடயம். மேலே ஒரு கண்ணி அறுந்தால் கீழே உள்ள ஒவ்வொன்றையும் அறுக்கும் வாள். 1903இல் வாணியம்பாடியை அழித்தது அத்தகைய அறுந்த சங்கிலிதான். மழைக் கணக்கை மட்டும் கூட்டிப் பெருக்கிப் பார்ப்போருக்கு இது புலப்படாது. எந்த ஏரி எந்த ஆண்டில் உடைந்தது என்னும் பழங்கணக்குத்தான் புலப்படுத்தும். அந்தக் கணக்கு இல்லாமலில்லை. 1767 முதல் 1774 வரை தாமசு பார்னார்டு என்பவர் இப்பகுதியின் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களை அளந்தபோது, ஒவ்வோர் ஊரின் ஏரியும் கழனியும் புறம்போக்கும் பதிவாயின; ஊர்க் கணக்கர்கள் ஓலையிலே தமிழில் எழுதி வைத்தனர். 1879இல் குரோல் என்பவர் எழுதிய செங்கற்பட்டு மாவட்டக் கையேடு இருக்கிறது. சென்னை வானாய்வகம் 1846 அக்டோபர் 21ஆம் நாள் ஒரே நாளில் 20 அங்குலத்துக்கு மேல் மழை பெய்ததைக் குறித்து வைத்திருக்கிறது. ஓலையும் கையேடும் மழைக் குறிப்பும் தனித்தனி அறைகளில் தூங்குகின்றன. ஒரே மேசைமீது மூன்றையும் விரித்து வைத்தால் அல்லவா ஒன்றோடொன்று பேசும்!

அப்போதும் ஒரு குறை நிற்கும். அதனை மறைக்க நமக்கு மனமில்லை. கல்லில் எழுதியவர் யார்? உத்திரமேரூர் வாரியத்தில் அமர, கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும்; 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்கவேண்டும்; வேதம் கற்றிருக்கவேண்டும். நிலமுடையோர் நிலத்தைப் பற்றி எழுதினர். நஞ்சையில் மணல் படிந்தால் ஏட்டில் ஏறும். வரி தள்ளுபடி கேட்க வேண்டுமே! குடிசை போனால் ஏறாது, அதற்கு வரியில்லை. மேடு அக்கிரகாரத்துக்கு, பள்ளம் சேரிக்கு என்று ஊரை வகுத்த நாட்டிலே, நீர் முதலில் நுழைந்த இடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால், அங்கே வெள்ளமே வரவில்லை என்று பொருளா? எனவே கல்வெட்டைப் படித்த கையோடு சேரிக்கும், இருளர் குடியிருப்புக்கும், மீனவர் குப்பத்துக்கும் செல்லவேண்டும். எந்தப் புளியமரத்தின் எந்தக் கிளையில் ஏறித் தப்பினர், எந்த ஆண்டில் எந்தப் பாதை மூழ்கியது என்பதை அங்குள்ள முதியோர்தாம் சொல்ல முடியும். மனிதர் கூறும் ஆண்டு ஒன்றிரண்டு தவறலாம், மரக்கிளை தவறாது.

கடற்கரைப் பக்கம் திரும்பினால், அங்கே மண்ணே வாய் திறந்து பேசியிருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மாமல்லபுரத்துக் கரையைத் தாக்கி, உயிர்களைக் கொண்டு, மணலையும் வாரிச் சென்றது. மணல் விலகிய சாளுவன்குப்பத்தில் கல்லெழுத்து தெரிந்தது. அவ்வெழுத்துகள் ஒரு முருகன் கோயிலைக் குறித்தன. இந்தியத் தொல்லியல் துறையார் 2005இல் தோண்டினர். கல்லால் வேல் நிறுவிய வளாகத்தில், பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியிலே அதனினும் பழைய செங்கற் கோயில் வெளிப்பட்டது. இரண்டும் வெவ்வேறு காலத்தில் கடல்நீர் புகுந்து அழிந்தன என்று மணல், கிளிஞ்சல் படிவுகளைக் கொண்டு அகழ்ந்தோர் கருதினர். ஆழிப்பேரலையா, புயற் பெருக்கா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் கடல் இதற்கு முன்னும் வந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. கடலில் மூழ்கிய கோயில்களைப் பற்றி மாமல்லபுரத்து மக்கள் சொன்னதை வில்லியம் சேம்பர்சு என்பவர் 1788இல் அச்சேற்றியபோது அதனைக் கட்டுக்கதை என்று சிரித்தவர்கள், இப்போது சற்றுத் தயங்கிச் சிரிப்பார்கள்.

அதே நாளில் கல்பாக்கத்து அணுமின் நிலையத்தில் கடல்நீர் நீரேற்று நிலையத்துக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. புதிய ஈனுலைக்காகத் தோண்டிய பள்ளம் நிரம்பியது. ஏழாண்டு கழித்து 2011இல் சப்பானியப் புகுசிமாவில் நிகழ்ந்ததை உலகறியும். அங்கேயும் 869ஆம் ஆண்டில் வந்த பேரலை செண்டாய்ச் சமவெளியில் கடலினின்றும் பல கிலோமீட்டர் உள்ளே மணற் படிவை விட்டுச் சென்றிருந்தது. அறிஞர்கள் அதனை அளந்து, எழுதி, எச்சரித்தும் இருந்தனர். மண் சொன்னதை அறிவு கேட்டது, அதிகாரம் கேட்கவில்லை. வாயலூர் முகத்துவாரத்திலோ இரட்டை இடர். புயலால் கடல் உயர்ந்து நிற்கும் வேளையில் பாலாறும் பெருகி வந்தால், ஆற்றுநீர் கடலுள் வடியாது பின்வாங்கும். ஆற்று வெள்ளத்தையும் கடல் ஏற்றத்தையும் இரு வேறு அலுவலகங்கள் இரு வேறு கோப்புகளில் வைத்துக்கொண்டால், ஒரே இரவில் இரண்டும் சேர்ந்து வருவதை எந்தக் கோப்பு சொல்லும்?

இவ்வேலை எளிதென்று நாம் சொல்லவில்லை. நருமதைக்குப் பாறைக் கரை. பாலாற்றுக்கோ மணற் படுகை, ஒவ்வொரு வெள்ளத்திலும் புரளும் படுகை. அதற்கும் மேலாக, மணல் கொள்ளையால் படுகை பல இடங்களில் ஆழ்ந்து போயிற்று. 1903இல் ஒரு குறிப்பிட்ட மட்டத்தை எட்டிய அதே அளவு நீர், இன்று தாழ்ந்த மட்டத்திலே ஓடிவிடலாம். அதனை நம்பி ஏமாந்தால் வேறோரிடத்தில் கரையின் அடியை அரித்துப் பாலத்தின் காலைச் சாய்க்கலாம். ஆகையால் பழைய மட்டத்தை அப்படியே எடுத்து இன்றைய ஆற்றில் ஒட்டக்கூடாது. பழைய படுகையை முதலில் மீட்டு, நீரின் அளவைக் கணித்து, அந்நீரை இன்றைய படுகையில் விட்டுப் பார்க்கவேண்டும். ஆறு தன் பாதையையே மாற்றியிருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். இன்றைய கொசத்தலையாற்றின் பக்கமாகப் பாலாறு ஒருகாலத்தில் வடக்கே ஓடிற்று என்பது நிலவியலார் கருத்து.

பெயர்களும் சான்று சொல்லும். செங்கழுநீர் பூத்த ஊர் செங்கழுநீர்ப்பட்டு. மடுவு, தாங்கல், ஓடை என்று முடியும் ஊர்களையும் தெருக்களையும் வரைபடத்திலே சிவப்பு மையால் வட்டமிட்டு, அவற்றின்மேல் எத்தனை அடுக்கு வீடுகள் எழுந்துள்ளன என்று எண்ணிப் பார்க்கலாம். 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டபோது, முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் மாடிவரை நின்ற நீர் வழி தெரியாமல் வந்த நீரல்ல. 1943இலும் 1976இலும் 1985இலும் 2005இலும் அடையாற்றுப் பக்கம் வெள்ளம் கண்ட நாடுதான் அது.

2019இல் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. புதிய மாவட்டத்துக்குப் புதிய வெள்ளக் கணக்கேடு தொடங்குவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. பள்ளி ஆசிரியரும், மாணவரும், ஊராட்சியாரும் கூடினால் போதும். மட்டம் பார்க்கும் கருவியும் கல்லுளியும் இருந்தால் போதும். 2021 நவம்பரில் பாலாற்றோரத்துச் சுவர்களில் வெள்ளம் வரைந்த பழுப்புக் கோடு, இதுவரை வெள்ளையடிக்காத சில சுவர்களிலும் மதகுகளிலும் இன்னும் இருக்கக்கூடும். பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பது நம் வழக்கம். அதற்குள் அந்தக் கோட்டின் உயரத்தை அளந்து, பக்கத்திலே ஆண்டையும் நாளையும் கல்லில் வெட்டிவிட வேண்டும்.